பிள்ளைகளோடு மத்தியதரைக் கடலின் சிறு தீவு நகரம்: கோசோவின் விக்டோரியா நமக்குப் பொருந்துமா?

கேள்வி: கத்ர் போர்ன் தாய்

அனைவருக்கும் வணக்கம். நம் மொரீசியஸில் இரண்டாம் பருவம் முடிந்து வரும் ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் மத்தியதரைக் கடல் பக்கம் ஒரு சிறிய தீவு நகரத்துக்குக் குடும்பத்தோடு சென்றுவர எண்ணியிருக்கிறோம். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு வயது. முழங்கால் வலி உள்ள என் மாமியாரும் உடன் வருகிறார். ஆடி மாதம் முழுவதும் அவர் மரக்கறி உணவைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். ரோம், பாரிஸ் போன்ற பெருநகரங்களில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரிசையில் நிற்க எங்களுக்கு விருப்பமில்லை. மாலையில் பிள்ளைகள் ஒரு சதுக்கத்தில் ஓடியாட, பெரியவர்கள் ஓரமாக உட்கார்ந்து பேச, கடையும் கோயிலும் நடக்கும் தூரத்தில் இருக்கிற ஊர்தான் வேண்டும்.

மால்டா நாட்டின் இரண்டாவது தீவான கோசோவும் அதன் நடுவிலுள்ள விக்டோரியா என்ற ஊரும் எங்கள் மனத்தில் இருக்கின்றன. அங்கே ஆங்கிலம் ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதும், நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறார்கள் என்பதும் முக்கியக் காரணங்கள். ஆனால் மாமியார் கேட்ட ஒரு கேள்விக்கு எங்களால் விடை சொல்ல முடியவில்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளை, இவ்வளவு செலவு செய்து, இன்னொரு தீவுக்கு எதற்காக அழைத்துப் போகிறீர்கள் என்கிறார். நம் கடற்கரைகளான ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கிலும் பெல் மாரிலும் இல்லாத எது அங்கே பிள்ளைகளுக்குக் கிடைக்கும்? ஊருக்குள் தங்குவதா, கடலோரம் தங்குவதா? போய் வந்தவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: மஹேபூர்க் வாசகர்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. கடலில் குளிப்பதற்காக மட்டும் என்றால் போக வேண்டியதில்லை என்றே நான் சொல்வேன். கோசோவின் சிறப்பு அதன் கல்லில் இருக்கிறது. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமும் 7 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு தீவுக்குள் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கோயில், கோட்டை, காற்றாலை, உப்பளம் எல்லாம் அடங்கியிருப்பதால், காலையில் ஒன்றைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். சிறு பிள்ளைகளோடு பயணம் செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

ஆனாலும் பிள்ளைகள் கடலில் இறங்காமல் இருக்கப்போவதில்லை. ஆகவே அதைப் பற்றி முதலில் எழுதுகிறேன். நம் பிள்ளைகளுக்குக் கடல் பழகிவிட்டது என்று நாம் கொண்டிருக்கும் நம்பிக்கைதான் அங்கே ஆபத்தானது. மொரீசியஸைச் சுற்றியிருக்கும் பவளப்பாறை பெரிய அலைகளை வெகு தூரத்திலேயே உடைத்துவிடுவதால், உள்ளே இருக்கும் ஆழமற்ற லகூனில் ஆறு வயதுப் பிள்ளையும் இடுப்பளவுத் தண்ணீரில் நெடுந்தூரம் நடந்து போகிறது. கோசோவைச் சுற்றி அப்படி ஒரு பாறை அரண் கிடையாது. சூயாக்கில் கிரி கிரி கடற்கரையில் பவளப்பாறை விட்டுப்போன இடத்தில் கடல் எப்படி நேராகக் கரையை மோதுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள் அல்லவா? காற்று வடக்கிலிருந்து வீசும் நாள்களில் கோசோவின் வடக்குக் கரையிலும் கடல் அப்படி மாறிவிடும். காற்றில்லாத நாள்களில் ஏரியைப் போல அமைதியாக இருந்தாலும், ஷ்லெந்தி போன்ற குடாக்களில் பெரும்பாலும் மணலே இருக்காது; சுண்ணாம்புப் பாறையில் பொருத்திய இரும்பு ஏணியில் இறங்கினால் முதல் படியிலேயே ஆழம் தொடங்கிவிடும். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருப்பதால் ஆழம் குறைவாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி மகனைக் குதிக்க விடாதீர்கள். இருவருக்கும் மிதவைச் சட்டை வாங்கிக்கொண்டு போங்கள். பாறைகளில் முள்ளெலி போன்ற கடல் முள்ளிகள் ஒட்டியிருக்கும் என்பதால், நம் கடற்கரையில் போடும் ரப்பர் காலணி அங்கேயும் தேவைப்படும்.

மகளுக்கு ஏற்ற இடம் ரம்லா குடா. செம்மண் நிறத்தில் மணல் பரந்து, கடல் மெதுவாக ஆழமாகும் கடற்கரை அது. கோடைக்காலத்தில் அங்கே உயிர்காப்பாளர் இருப்பார். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் கடல் ஆபத்தாக இருக்கிறது என்று பொருள், அன்றைக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது. கோடையில் சில நாள்களில் இளஞ்சிவப்பு நிறச் சொறிமீன்கள் காற்றோடு கரை ஒதுங்கும். பட்டால் கடுமையாக எரியும். பட்ட இடத்தைத் தேய்க்காமல், நல்ல தண்ணீரில் கழுவாமல், கடல் நீரால் மட்டும் கழுவிவிட்டு உயிர்காப்பாளரிடம் காட்டுங்கள். கரையில் நிற்பவர்களிடம் அன்றைக்குச் சொறிமீன் உண்டா என்று கேட்டுவிட்டு இறங்குவது அந்த ஊர் வழக்கம்.

பயண ஏற்பாட்டில் பெரிய சிக்கல் இல்லை. மொரீசியஸ் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 2009 முதல் பொதுவான எல்லை கொண்ட ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள்களுக்குள்ளும் 90 நாள்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். மால்டாவும் அதில் அடங்கும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையின்படி பெரியவர்களிடம் கைரேகையும் முகப் படமும் எடுப்பார்கள். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் கைரேகை எடுப்பதில்லை. துபாய், இஸ்தான்புல், பாரிஸ் ஆகிய ஊர்களில் ஒன்றில் விமானம் மாற வேண்டியிருக்கும். கோடையில் அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிட இரண்டு மணி நேரமே பின்தங்கியிருப்பதால் பிள்ளைகளின் தூக்கம் கெடாது. மால்டாவின் வடமுனையிலுள்ள சிர்கெவ்வா துறையிலிருந்து கோசோவின் இம்ஜார் துறைக்கு வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் படகு சுமார் 25 நிமிடத்தில் போய்ச் சேரும். போகும்போது கட்டணம் கேட்கமாட்டார்கள். திரும்பும்போது இம்ஜாரில்தான் செலுத்த வேண்டும்.

தங்குவதற்கு விக்டோரியாவையே தேர்ந்தெடுங்கள். தீவின் பேருந்துகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. இன்னொரு கிராமத்தில் தங்கினால் எங்கே போவதென்றாலும் விக்டோரியாவுக்கு வந்து வண்டி மாற வேண்டும்.

பதில்: ரோஸ் ஹில் ஆசிரியை

வணக்கம். மேலே எழுதியவர் கல்லைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். நான் அந்தக் கல்லைப் பற்றியே எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் மாமியாரின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

நம் மொரீசியஸில் மனிதர் நிலையாகக் குடியேறியதே 17-ஆம் நூற்றாண்டில்தான். நம் பிள்ளைகள் பார்த்த மிகப் பழைய கட்டடம் பிரெஞ்சுக்காரர் காலத்தது. கி.மு. 3600 வாக்கில், எகிப்தின் பெரிய பிரமிடுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முன்பே, ஒரு சிறு தீவில் மனிதர்கள் அடுக்கிய கற்கள் இன்றும் நிற்பதைத் தொட்டுவிடும் தூரத்திலிருந்து பார்ப்பது தீவுப் பிள்ளைகளுக்கு மிகப் பெரிய பாடம். ஷாரா என்ற ஊரிலுள்ள ஜ்கந்தியா கோயில்களைத்தான் சொல்கிறேன். 1980 முதல் அவை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே 5 மீட்டருக்கும் அதிக நீளமும் 50 டன்னுக்கும் அதிக எடையும் கொண்ட கற்கள் உண்டு. சக்கரம் இல்லாத காலத்தில் அவற்றை எப்படி நகர்த்தியிருப்பார்கள் என்று மகனிடம் முதலில் கேளுங்கள். பிறகு அங்கே கிடைத்த உருண்டைக் கற்களைப் பற்றிச் சொல்லுங்கள். பெருங்கற்களின் அடியில் இவற்றை உருளவிட்டு நகர்த்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம். மகளுக்கு ஊர்க்கதை போதும். மொச்சை போன்ற ஒரு பயற்றையும் தேனையும் மட்டும் உண்டு வாழ்ந்த ஓர் அரக்கி, தோளில் கைக்குழந்தையைத் தொங்கவிட்டுக்கொண்டே இந்தக் கோயிலைக் கட்டினாளாம். அதே நுழைவுச்சீட்டில் 1725-இல் கட்டிய தா கோலா காற்றாலையையும் பார்க்கலாம். உள்ளே ஆலைக்காரர் குடும்பம் வாழ்ந்த அறைகள் இருக்கின்றன. மாடிப்படி குறுகலானது, உங்கள் மாமியார் கீழேயே இருந்துகொள்ளட்டும்.

விக்டோரியாவில் ஊரின் தலைக்கு மேலே நிற்கும் சித்தாதெல்லா என்ற கோட்டைக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். 1551-இல் துருக்கியக் கடற்படை இந்தத் தீவைத் தாக்கி, ஏறத்தாழ மக்கள் அனைவரையும், 5,000 பேருக்கும் மேல், அடிமைகளாகக் கொண்டுபோய்விட்டது. அந்த அச்சத்தால் 1637 வரை கோசோ மக்கள் இரவில் கோட்டைக்குள் வந்து படுத்துறங்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. பகலில் வயலில் உழைத்துவிட்டு, இருட்டுவதற்குள் ஆடுமாடுகளோடும் பிள்ளைகளோடும் இந்தச் சரிவில் ஏறி வந்த குடும்பங்களைப் பற்றி மதில்மேல் நின்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம் முன்னோரைப் பற்றி வீட்டில் பேசும் குடும்பம் என்றால், கடல் கடந்து கொண்டுபோகப்பட்டவர்களின் கதை அவனுக்கு அந்நியமாகவும் இராது.

கோட்டைக்குள் பழைய சிறைச்சாலை ஒன்று இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். சுண்ணாம்புக்கல் மென்மையானது என்பதால், கைதிகள் சுவரில் நிறையக் கீறி வைத்திருக்கிறார்கள். பாய்மரக் கப்பல்கள் கயிறு கயிறாக, பாய் பாயாக வரையப்பட்டிருக்கின்றன. கையைச் சுவரில் வைத்து விரல்களைச் சுற்றிக் கீறிய தடங்களும் உண்டு. பிள்ளைகள் உடனே தம் கையை அதன்மேல் வைத்துப் பார்க்க விரும்புவார்கள். சுவரைத் தொடாமல், சற்று எட்ட நிறுத்தி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்துள்ள பேராலயத்தில் விதானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளிருந்து பார்த்தால் உயரமான குவிமாடம் தெரியும். வெளியே வந்து பார்த்தால் குவிமாடமே கிடையாது. 1739-இல் தட்டையான கூரையின் உட்புறத்துக்காகத் தீட்டிய ஓவியம் அது. முதலில் உள்ளே காட்டிவிட்டுப் பிறகு வெளியே அழைத்து வந்து தேட விடுங்கள்.

கடலோர ஊரான மர்சல்ஃபோர்னுக்கு அப்பால் ஷ்வேய்னி கரையில் பாறையைக் குடைந்து செய்த உப்புப் பாத்திகள் வரிசையாக இருக்கின்றன. தாமரேன் உப்பளத்தைப் பார்த்திருக்கும் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பேசுவார்கள்: நம்முடையது எரிமலைக் கருங்கல்லால் கட்டிய பாத்தி, அவர்களுடையது இயற்கைச் சுண்ணாம்புப் பாறையிலேயே வெட்டிய பாத்தி. பாத்திகளின் விளிம்பில் நடக்க விடாதீர்கள். இன்றும் சில குடும்பங்கள் அங்கே உப்பு எடுத்துப் பிழைக்கின்றன.

காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் 30 பாகைக்கு மேல்தான் நிற்கும். மழையும் இல்லை, நிழலும் குறைவு. நம் ஊர்க் குளிரிலிருந்து நேரே போகும் பிள்ளைகளுக்கு முதல் சில நாள்கள் கடினம். முதல் பருவம் முடிந்து வரும் ஏப்ரல் விடுமுறையில் போக முடிந்தால், வயல்களெல்லாம் பச்சையும் காட்டுப்பூவுமாக இருக்கும், கோட்டைச் சரிவும் மாமியாருக்கு அவ்வளவு களைப்பூட்டாது. கடல் மட்டும் குளிர்ந்திருக்கும்.

பதில்: ட்ரூ ஓ பிஷ் தந்தை

ஆசிரியை அம்மாவின் பதிலைப் படித்தபின் நானும் பிள்ளைகளோடு இன்னொரு முறை போக வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் தங்கும் இடத்தில் நான் மாறுபடுகிறேன். ஜூலையில்தான் போக முடியும் என்றால், விக்டோரியாவில் தங்கும் பிள்ளைகள் மதியம் முழுவதும் கல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள், அங்கே பல கடைகளும் பிற்பகலில் மூடிவிடும். மர்சல்ஃபோர்னில் தங்கினால் வெயில் தாழ்ந்ததும் படியிறங்கித் தண்ணீரில் கால் வைக்கலாம். கரையோர நடைபாதை சமதளம், பாட்டிக்கும் எளிது. விக்டோரியாவுக்குப் பேருந்தில் சிறிது நேரத்தில் போய்விடலாம்.

விக்டோரியாவிலேயே தங்க முடிவு செய்தால் திருவிழா நாள்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஜூலை மூன்றாம் ஞாயிற்றையொட்டிப் புனித ஜார்ஜ் விழாவும், ஆகஸ்ட் 15-இல் மாதா விழாவும் நடக்கும். தெருவெல்லாம் பட்டுத்துணியும் விளக்குமாக அழகாக இருக்கும், பெரிய தெருவில் குதிரைப் பந்தயமும் உண்டு. நம் காவடியைப் போல ஊரே தெருவில் நிற்கும் விழா என்பதால் பிள்ளைகள் பார்க்க வேண்டியதுதான். ஆனால் வெடிச்சத்தம் காலையிலேயே தொடங்கிவிடும். சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளை என்றால் காதுறை கொண்டுபோங்கள்.

கோசோவின் மேற்குக் கரையிலுள்ள த்வேய்ராவில் 2017 மார்ச் 8-ஆம் நாள் புயலில் இடிந்து விழுந்த கல் வளைவைப் பற்றிப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அது இல்லை என்பதற்காக அந்த இடத்தை விட்டுவிட வேண்டாம். அங்கே மலைக்கு உட்புறம் ஒரு சிறு உப்புநீர்க் குளம் இருக்கிறது. பாறையைத் துளைத்துச் செல்லும் 80 மீட்டர் அளவிலான இயற்கைச் சுரங்கம் வழியாக மீனவர்கள் சிறு படகில் திறந்த கடலுக்கு அழைத்துப் போவார்கள். இருட்டுக்குள் நுழைந்து நீலத்துக்குள் வெளிப்படும் அந்தச் சில நிமிடங்கள் என் பிள்ளைகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தன. வெளியே தனித்து நிற்கும் பாறையில் வளர்ந்த ஒரு செடியை மருந்து என்று நம்பி, மால்டாவை ஆண்ட வீரத்துறவிகள் 1746-இல் யாரும் அங்கே ஏறக்கூடாது என்று தடை போட்டுக் காவலும் வைத்திருந்தார்கள். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது.

மால்டாவுக்கும் கோசோவுக்கும் இடையிலுள்ள கொமினோ தீவின் நீலக் குடாவுக்குச் சிறு பிள்ளைகளோடு போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நிழலே இல்லை, கோடையில் கூட்டம் தாங்காது. 2025 முதல் முன்பதிவும் தேவை.

பதில்: போ பாசேன் பாட்டி

மகளே, உன் மாமியாரின் வயதுக்காரி நான். ஆகவே சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். மரக்கறிக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பயற்றைப் பூண்டோடு மசித்துச் செய்யும் பிகில்லா, தக்காளியும் கத்திரிக்காயும் சேர்த்து வதக்கிய கபுனாதா, உருளைக்கிழங்கு பரப்பிச் சுட்ட கோசோ ஃப்திரா ரொட்டி இவையெல்லாம் கிடைக்கும். ஃப்திராவில் நெத்திலி மீன் வைப்பது வழக்கம் என்பதால் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஜ்பெய்னா என்ற வட்டமான ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் புகழ்பெற்றது. பாலைத் திரிக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்ப்பது மரபு என்பதால், கண்டிப்பாக விரதம் இருப்பவர் கேட்டுவிட்டுத்தான் உண்ண வேண்டும். பட்டாணி வைத்துச் சுடும் பஸ்தித்சி என்ற பலகாரத்தின் மாவிலும் சிலர் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள். அதனால் சமையலறை உள்ள வீடாகவே வாடகைக்கு எடுத்துக்கொள். காலையும் இரவும் நம் சமையல் இருந்தால் அவருக்கு மனம் நிம்மதியாக இருக்கும்.

அரிசி அங்கேயே வாங்கலாம். பருப்பும் மசாலாத் தூளும் கொண்டுபோகலாம். ஆனால் நெய், பால் இனிப்பு, இறைச்சி ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக அனுமதி இல்லை. கொல்லையில் பறித்த கறிவேப்பிலைக் கொத்தையும் வைத்துவிடாதே. பச்சை இலைகளுக்குத் தாவரநலச் சான்றிதழ் கேட்பார்கள். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய் போன்ற மிகச் சிலவற்றுக்கு மட்டும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை.

முழங்காலைப் பொறுத்தவரை, இட்-டொக் என்ற ஊர்ச் சதுக்கமும் அதன் பின்னாலுள்ள புனித ஜார்ஜ் ஆலயத் தெருக்களும் சமமானவை. கோட்டைக்கு ஏறும் தெருதான் செங்குத்து. நீங்கள் மேலே போகும்போது அவர் சதுக்கத்து மரநிழலில் தேநீரோடு உட்கார்ந்திருக்கட்டும்.

மறுமொழி: கத்ர் போர்ன் தாய்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பாட்டிம்மா, உங்கள் பதிலை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். நெய் கொண்டுபோக முடியாது என்பதைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குப் பிடித்துவிட்டது. ஏப்ரலில் கணவருக்கு விடுப்பு இல்லை, எனவே ஜூலையில்தான் போகிறோம். புனித ஜார்ஜ் விழா முடிந்த மறுவாரம் மர்சல்ஃபோர்னில் தங்கி, கோட்டையையும் ஜ்கந்தியாவையும் காலை வேளைகளில் பார்ப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். மஹேபூர்க் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: மாமியாருக்காக வண்டி வாடகைக்கு எடுப்பது நல்லதா, அல்லது பேருந்தே போதுமா?

பதில்: மஹேபூர்க் வாசகர்

ஐந்து பேர் என்பதாலும் முழங்கால் வலியாலும் வண்டி எடுப்பதே நல்லது, சகோதரி. கோடையில் பேருந்துகள் நிரம்பி, நிறுத்தத்தில் நிற்காமல் போவதும் உண்டு. முன்பதிவின்போதே மகளுக்கு உயரமாக்கும் இருக்கை வேண்டும் என்று எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். மகனுடைய உயரத்தையும் குறிப்பிடுங்கள், 150 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அவனுக்கும் தேவைப்படலாம். கிராமத் தெருக்கள் மிகக் குறுகலானவை. சிறிய வண்டி என்று ஆசைப்பட்டு ஐந்து பேர் நெருக்கியடிக்கவும் வேண்டாம், பெரிய வண்டி எடுத்துச் சுவரில் உரசவும் வேண்டாம்.

வண்டியைக் கோசோவிலேயே எடுத்து அங்கேயே விட்டுவிட்டால், இம்ஜார் துறையில் வண்டி வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை. கோடை ஞாயிறு மாலைகளில் வார இறுதிக்கு வந்த மால்டாக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவதால் அந்த வரிசை வெகுதூரம் நீளும். நடந்து ஏறுபவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. தலைநகர் வலெட்டாவுக்கு நேரே போகும் விரைவுப் படகும் ஏறத்தாழ 45 நிமிடத்தில் சேர்த்துவிடும், ஆனால் காற்று பலமான நாளில் அதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே விமானத்துக்கு முந்தைய நாளே கடல் கடந்து, வலெட்டாவில் இரவு தங்கிக்கொள்ளுங்கள்.